தலையில் அடிபட்டதைச் சொல்லப் பழக்குவது எப்படி: வன்னிப் பாடசாலை அணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஒண்டும் இல்லை சேர், நான் விளையாடுவன்."

வலய மட்ட உதைபந்தாட்டப் போட்டி ஒன்றில் எங்கள் பின்கள வீரன் சொன்னது இது. உயரமாக வந்த பந்துக்கு இரண்டு பேர் ஒன்றாக எழும்பினார்கள், மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது, அவன் ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பினான், நானும் போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றி, முதுகில் தட்டி, திரும்ப உள்ளே அனுப்பினேன். மிச்ச ஆட்டம் முழுவதும் விளையாடினான். திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் இரண்டு தரம் சத்தி எடுத்தான். பக்கத்தில் இருந்தவனிடம் "நாங்கள் வெண்டனாங்களோ, தோத்தனாங்களோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துப் பார்த்தார்கள், சுகமாகி வந்துவிட்டான். பிறகு ஒரு நாள், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் வெளியில எடுத்துப்போடுவியள் எண்டு தெரியும் சேர்" என்றான்.

அன்றைக்கு எனக்கு அறிவு இருக்கவில்லை. அவனுக்கோ ஏதோ பிழை என்று தெரிந்தும் வாய் திறக்க வழி இருக்கவில்லை. முதலாவதை ஒரு பின்னேரத்தில் படித்துத் திருத்திவிடலாம். இரண்டாவதுக்கு ஒரு தவணையாவது வேண்டும், அதனால்தான் இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள், சம்பளம் இல்லாமல் பின்னேரத்தில் வந்து பழக்கிவிடும் பழைய மாணவர்கள், எல்லோருக்கும்தான் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

டொக்டர்மார் கன்கஷன் என்பதைத் தமிழில் மூளையதிர்ச்சி என்கிறோம். மண்டையோட்டுக்குள் மூளை ஒரு குலுக்குக் குலுங்கி, கொஞ்சக் காலத்துக்கு அதன் வேலை குழம்பிப்போவதுதான் அது. தலையில் நேரே அடிபட வேண்டும் என்றில்லை, நெஞ்சிலோ முதுகிலோ விழுந்த மோதல் தலையைச் சட்டென்று உதறினாலும் வரும். வெளியே காயம் இருக்காது, பெரும்பாலும் சி.ரி. ஸ்கான் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. ஸ்கான் எடுப்பது உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா, எலும்பு வெடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆகவே "ஸ்கானில ஒண்டும் இல்லையாம்" என்ற செய்தியோடு ஒரு பிள்ளை வந்தால், அடுத்த நாளே அணியில் சேர்த்துவிடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நம் ஊரில் எல்லோரும் நம்புகிற ஒன்று, மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்பது. உண்மை வேறு. விளையாட்டில் வரும் மூளையதிர்ச்சிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் நினைவு தப்புகிறது. மற்றப் பிள்ளைகள் கண் திறந்து, நின்று, கதைத்து, சில நேரம் ஓடிக்கொண்டும் இருப்பார்கள்.

அறிகுறி அந்த நிமிடமே வரும் என்றும் இல்லை. 2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதித்துப் பார்த்தார்கள், சரி என்று கண்டார்கள், அவர் திரும்பவும் வந்து துடுப்பெடுத்தாடி 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். அடுத்த நாள் காலையில் தலையிடியும் மந்தமுமாக எழும்பினார். அணியில் இருந்து எடுத்துவிட்டு மார்னஸ் லபுஷேனைப் போட்டார்கள், அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் விளையாடவில்லை. பக்கத்திலேயே டொக்டர் நிற்கிற இடத்தில் இப்படியென்றால், ஒரு முதலுதவிப் பெட்டியும் ஒரு ஐஸ் பையும் வைத்துக்கொண்டு நிற்கிற நாங்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்து "சரி, போ" என்று சொல்லவே கூடாது.

பருவம் தொடங்க முன்னர் ஒரு இருபது நிமிடம்

முதல் பயிற்சி நாளில், பந்தைக் கொடுக்க முன்னர், பிள்ளைகளை மர நிழலில் இருத்துங்கள். பந்தைக் கொடுத்துவிட்டால் பிறகு காது கேளாது. படம், சுவரொட்டி ஒன்றும் வேண்டாம். "தலையில அடிபட்டால் உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்று கேளுங்கள். பனங்காய் விழுந்தது, சைக்கிளால் விழுந்தது, அண்ணன் எறிந்த கல் என்று கதைகள் வரும். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வந்தவை இவை: தலை கிறுதியா இருந்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது, காதுக்குள் இரைந்தது, பொறி தட்டியது, தலை விறைத்தது, ஓங்காளித்தது, வெளிச்சம் குத்தியது, எல்லோரும் தூரத்தில் நின்று கதைக்கிற மாதிரி இருந்தது, காரணம் இல்லாமல் அழுகை வந்தது.

பாருங்கள், மருத்துவப் புத்தகத்தில் உள்ள பட்டியல் கிட்டத்தட்ட முழுவதும் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. விடுபடுவது மூன்று நான்குதான், அதை நீங்கள் சேருங்கள்: யோசனை மெதுவாக ஓடுவது, நடந்ததை மறப்பது, சும்மா எரிந்து விழுவது, வழக்கத்தை விட நித்திரை கூடுவது அல்லது வராமல் போவது. "இதில ஒண்டு இருந்தாலும் போதும், அடி பட்டதோட சேர்த்துச் சொல்ல வேணும்" என்று சொல்லுங்கள். "அறிகுறிகளை அறிக்கையிடவும்" என்று வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டினால் ஒரு பிள்ளையும் வராது. "தலை கிறுதியா இருக்கு" என்று சொன்னால் போதும் என்று தெரிந்தால் வரும்.

பிறகு உங்கள் விளையாட்டில் அடி எங்கே வருகிறது என்று காட்டுங்கள். உதைபந்தில் பந்தை விட மற்றவனின் தலை, முழங்கை, கோல் கம்பம்தான் ஆபத்து. கபடியில் பாடிப்போனவரைப் பின்னால் இழுத்து விழுத்தும்போது பிடரி நிலத்தில் அடிபடும். எல்லேயில் தலைக்கவசம் கிடையாது, வீசுகிற துடுப்பும் இருக்கிறது, ஓடுகிறவரைப் பார்த்து எறிகிற பந்தும் இருக்கிறது. கடினப்பந்துக் கிரிக்கெட்டில் ஹெல்மெட் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. வைகாசிக்குப் பிறகு எங்கள் மைதானங்கள் காய்ந்து சீமெந்து மாதிரி இறுகிவிடும், அந்த மாதங்களில் வலைப்பந்தில் பாய்ந்து மல்லாக்க விழுகிற பிள்ளையைக் கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒரே விதியில் விளையாடும் உதைபந்தில் பெண்களிடம்தான் மூளையதிர்ச்சி கூடுதலாகப் பதிவாகிறது.

ஏன் சொல்லுவதில்லை

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். அறிகுறியைப் பாடமாக்கின பிள்ளையும் சொல்லாமல் விடும். காரணத்தைக் கண்டுபிடித்து அதை அகற்றாவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

எங்கள் பக்கத்துச் சின்னப் பாடசாலைகளில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரிய பாடு. ஒருவன் வெளியே வந்தால் பத்துப் பேரோடு விளையாட வேண்டும், அது அவனுக்குத் தெரியும், தன்னால் அணி தோற்றது என்ற பெயர் வரும் என்று பயப்படுகிறான். வலயத்தில் வென்றால் மாகாணம், மாகாணத்தில் வென்றால் தேசியம், அந்தச் சான்றிதழுக்கு வீட்டில் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இருக்கிற கிராமங்களில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு வீடு போய்ச் சேர முடியாது. பதினாறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "ஒண்டும் இல்லை சேர்" என்கிறது.

இன்னொன்று இருக்கிறது. இந்த மண்ணில் வளர்ந்த பெரியவர்கள் 2009ஐக் கடந்து வந்தவர்கள். உடம்புக்குள் ஷெல் துண்டோடு வயல் செய்கிற தகப்பன்மாரை எங்கள் பெற்றோர் கூட்டத்திலேயே காணலாம். அந்த வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு, தலையில் பந்து பட்டது என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஒரு தகப்பன் என்னிடம் நேரே கேட்டார், "நாங்கள் என்னத்தையெல்லாம் தாங்கினனாங்கள், இதுக்குப் போய் ஆஸ்பத்திரியோ சேர்?" அவரோடு வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. "அண்ணை, அப்ப உங்களுக்குப் பங்கர் ஒண்டு இருந்தது, உள்ளுக்குப் போனீங்கள். இவனுக்கு வெளியில வாற வழி ஒண்டை நாங்கள்தானே வைக்க வேணும்" என்றேன். பேசாமல் இருந்தார். பிறகு அவரே மகனைக் கூட்டிக்கொண்டு போனார். தாங்கினவர்களை மதித்துக்கொண்டே, இதைத் தாங்கத் தேவையில்லை என்று சொல்லலாம்.

சரி, என்ன செய்யலாம்? பிள்ளைகளின் முன்னால், அதிபரும் நிற்கும்போது, வாயால் ஒரு வாக்குக் கொடுங்கள்: தலையில் அடிபட்டது என்று சொல்லி வெளியே வந்தவரின் இடம் அவருக்காகக் காத்திருக்கும், சுகமாகி வந்தவுடன் அதே சட்டை இலக்கம் அவருக்குத்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரு தரம் தவறினால் அந்த அணியில் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பதினொரு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், கீழ் வயதுப் பிரிவில் இருந்து இரண்டு பேரையாவது பயிற்சிக்குச் சேர்த்து வையுங்கள், யாரும் தன்னைத் தவிர ஆளில்லை என்று நினைக்கக் கூடாது. உலகக் கிரிக்கெட்டே 2019 ஓகஸ்ட் 1 முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகத் துடுப்பெடுத்தாடவும் பந்துவீசவும் கூடிய இன்னொரு வீரரைப் போட அனுமதித்துவிட்டது, உதைபந்துச் சட்டத்திலும் 2024 முதல் போட்டி நடத்துவோர் விரும்பினால் இதற்கென்று ஒரு மேலதிக மாற்றீடு கொடுக்கலாம். வலயக் கூட்டத்தில் இதைக் கேட்டு எழும்புங்கள். நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

சொல்லிப் பழக்குதல்

பெனால்டி அடிக்கப் பழக்குவது போல இதையும் வாயால் பழக்க வேண்டும். வசனம் சின்னது: "சேர், தலையில அடி. கிறுதியா இருக்கு. நான் வெளியில வாறன்." மூன்று துண்டு: என்ன நடந்தது, எப்படி இருக்கிறது, என்ன செய்கிறேன். "நான் வரட்டோ?" என்று கேட்கவிடாதீர்கள், கேள்வியாக இருந்தால் நாங்கள் பெரியவர்கள் "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிடுவோம். ஒவ்வொருவரும் ஓடிக்கொண்டிருக்கும்போது விசில் ஊதி நிறுத்தி, உரக்கச் சொல்ல வையுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாம் கிழமை சிரிப்பு நின்றுவிடும். சத்தம் போட முடியாத தூரத்துக்கு ஒரு கைச் சைகையும் வேண்டும், எங்கள் அணியில் உள்ளங்கையை உச்சந்தலையில் வைப்பதுதான் சைகை. மத்தியஸ்தருக்கும் ஆட்டத்துக்கு முன்னர் அதைச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது சோடி. இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள், முடிந்தால் ஒரே வகுப்பில் இருப்பவர்கள், ஒரே பாதையால் வீடு போகிறவர்கள். மூளையதிர்ச்சி வந்தவருக்குத் தனக்கு வந்தது தெரியாமலே போகலாம், குழம்பிய மூளைதானே தன்னைப் பார்க்க வேண்டும். சோடி பார்ப்பார்: தவறான பக்கம் ஓடுகிறானா, வெறித்துப் பார்க்கிறானா, கால் பின்னுகிறதா, கேட்டதையே கேட்கிறானா. கண்டால் சைகை காட்டுவார்.

கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை, பாடசாலை ரக்பி அணித் தலைவி. 2013 மே மாதம் சில நாட்களுக்குள் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டது. தனக்கு மூளையதிர்ச்சியோ என்று சந்தேகப்பட்டு இணையத்தில் தேடியிருக்கிறாள், சிநேகிதிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறாள். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது. கடைசி ஆட்டத்தில் திரும்பவும் அடிபட்டு இறந்துபோனாள். ஒன்ராறியோ மாகாணம் 2018இல் அவள் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்கு மெதுவாகச் சொல்லுவேன், சொல்லிவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: "நீங்கள் அந்தச் சிநேகிதியா இருந்தால் ஆருக்குச் சொல்லியிருப்பீங்கள்?" கோள் சொல்லுவது வேறு, இது வேறு என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடிபட்ட நிமிடத்தில் பெரியவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளை சொன்னாலும், சோடி காட்டினாலும், நீங்களே கண்டாலும், வெளியே எடுங்கள். அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி, பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாலும் சரி. அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் 2006இல் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் அடிபட்ட அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கி, ஆட்டம் முடிந்ததும் விழுந்தான். உயிர் தப்பினான், ஆனால் நடக்கவும் பேசவும் வருடக்கணக்காகப் பழக வேண்டி வந்தது. மூளை ஆற முன்னர் வருகிற இரண்டாவது அடியில் சில வேளை மூளை சடுதியாக வீங்கிவிடுகிறது. அரிதானது, ஆனால் அப்படி இறந்தவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர்.

கழுத்து நோகிறது என்றாலோ, மயங்கிக் கிடந்தாலோ தூக்கி நிமிர்த்தாதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கிடந்தபடியே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு உதவி கூப்பிடுங்கள். மூச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மற்றப்படி, நிழலில் இருத்தி நான்கைந்து கேள்வி கேட்கலாம்: இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசிக் கோல் யார் அடித்தது, போன ஆட்டம் யாரோடு, வென்றோமா? பிழையாகச் சொன்னால் சந்தேகம் உறுதி. எல்லாம் சரியாகச் சொன்னாலும் திரும்ப உள்ளே விட அது அனுமதி இல்லை.

இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை: கழுத்து நோவு, இரண்டிரண்டாகத் தெரிவது அல்லது பார்வை போவது, கை கால் விறைப்பு அல்லது பலமின்மை, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, நினைவு தப்புதல், சத்தி, வர வர மயக்கம் கூடுவது, அடக்க முடியாத பதற்றம், மண்டையில் பள்ளம். அழைக்கும்போது பாடசாலைப் பெயரோடு பக்கத்துச் சந்தியையும் சொல்லுங்கள், ஒரு மாணவனை வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்திக்கொண்டு பறக்கிற வேலை வேண்டாம், தூங்கி விழுந்தால் இன்னொரு அடி. உங்கள் மைதானத்தில் இருந்து கிட்டிய ஆஸ்பத்திரி எது, அங்கே இரவில் டொக்டர் இருக்கிறாரா என்பதைப் பருவம் தொடங்க முன்னரே கேட்டு வைத்திருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

ஆபத்து அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தனியே சைக்கிளில் அனுப்பாதீர்கள், பெற்றோரோடு நீங்களே பேசுங்கள். பிள்ளையிடம் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சேராது. நான் ஒரு துண்டுத் தாள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், அதில் இருப்பது இவ்வளவுதான்: முதல் சில மணி நேரம் தனியே விட வேண்டாம். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி வந்தால் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரி. டொக்டர் சொல்லாமல் அஸ்பிரின், ஐபுபுரோஃபென் கொடுக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் போன் பார்ப்பதைக் குறைக்கவும். குளத்தில் நீந்த வேண்டாம், கிணற்றுக் கட்டில் ஏற வேண்டாம், மரம் ஏற வேண்டாம், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். கடைசி வரியை நான் எங்கும் பார்த்து எழுதவில்லை, எங்கள் பிள்ளைகளின் பின்னேரம் எங்கே போகிறது என்று தெரிந்து எழுதினேன்.

நித்திரை கொள்ளவே விடக் கூடாது என்று அம்மம்மாமார் விடிய விடிய எழுப்பி வைத்திருப்பார்கள். டொக்டர் பார்த்து வீட்டுக்கு விட்ட பிள்ளை தாராளமாக நித்திரை கொள்ளலாம், நித்திரைதான் மருந்து.

திரும்ப வருதல்

ஒரு நாள் இரண்டு நாள் ஆறுதல், ஆனால் இருட்டு அறையில் படுக்க வைக்கத் தேவையில்லை, மெல்ல நடக்கலாம். முதலில் வகுப்பு, பிறகு மைதானம். வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கத் தலையிடிக்கிறது என்ற பிள்ளைக்குப் பாதி நாள், குறைந்த வீட்டுவேலை, பின்போட்ட தவணைப் பரீட்சை என்று வகுப்பாசிரியரோடு பேசிக் கொடுங்கள். சோம்பல் என்று யாராவது சொன்னால் நீங்கள் அவருக்காக நில்லுங்கள்.

மைதானத்தில் படிப்படியாக: நடை, பிறகு மெது ஓட்டம், பிறகு பந்தோடு தனிப் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத கூட்டுப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் நிறுத்தி, அடுத்த நாள் அடங்கிய பிறகு தொடருங்கள். மோதலோ விழுகையோ வரக்கூடிய படிக்குப் போக முன்னர் அறிகுறி முழுவதும் போயிருக்க வேண்டும், டொக்டரின் சம்மதமும் வேண்டும். தலையால் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு கிழமைக்குள் தேறிவிடுவார்கள், அதற்கு மேலும் தலையிடி இருந்தால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மத்தியான வெயிலில் ஓட விடாதீர்கள், வெயிலால் வந்த தலையிடியா அடியால் வந்த தலையிடியா என்று ஒருவருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு கொப்பி

திகதி, பெயர், எப்படி அடிபட்டது, பிள்ளை சொன்ன சொல், யார் சொன்னது, எப்போது திரும்ப வந்தார். இவ்வளவுதான். "யார் சொன்னது" என்ற நிரலைத் தவணைக்கு ஒரு தரம் பாருங்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயரே இருந்தால் பிள்ளைகள் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை, மர நிழலுக்குத் திரும்பப் போங்கள். முதல் வருடம் பதிவுகள் கூடும், அதிபர் பயப்படுவார். முன்பு மறைத்தது இப்போது வெளியே வருகிறது என்று விளங்கப்படுத்துங்கள்.

எங்கள் கொப்பியில் அந்த நிரலில் முதன்முதலாக ஒரு மாணவியின் பெயர் வந்தது வலைப்பந்துப் பயிற்சியில்தான். கோலுக்குப் பாய்ந்து பிடரி அடிபட விழுந்த சிநேகிதி எழும்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள், சோடிப் பிள்ளை தன் கையைத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். "இவள் ஸ்கோரைப் பிழையாச் சொல்லுறாள் சேர்." விசில் ஊதினேன். விழுந்தவள் கோபத்தில் இரண்டு நாள் சோடியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெஞ்சில் இருவரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள், நான் கொப்பியில் "மெது ஓட்டம், நாளை" என்று எழுதினேன்.